எங்கள் அணி தோற்கத் தொடங்கிய செப்டெம்பர்

1

என் மகள் அபியைப் பற்றி யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றில் ஆவணி மாதம் வந்த செய்தியை உங்களில் சிலர் வாசித்திருப்பீர்கள். டென்மார்க்கின் முதற்தர ஹாண்ட்போல் அணியில் எங்கள் பிள்ளை என்று தலைப்பு. மஞ்சள் மேற்சட்டை போட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து, கோல் கம்பங்களுக்கு நடுவில் அவள் நிற்கும் படம். கொக்குவிலில் இருக்கும் என் தங்கை சாந்தி அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, ஒட்டியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள்.

போன கிழமை சாந்தி தொலைபேசியில் வந்தாள்.

"அக்கா, அபி எப்பிடி? வெல்லினமோ?"

நான் இங்கே விடாமல் பெய்யும் மழையைப் பற்றிச் சொன்னேன். மழையால் வேலைக்குப் போகிற பாதையில் வெள்ளம் நிற்பதைச் சொன்னேன்.

"நான் மழையைக் கேக்கேல்லை" என்றாள் சாந்தி. பிறகு அவளும் பேச்சை மாற்றி மாமாவின் கண் ஒப்பரேஷனைப் பற்றிக் கதைத்தாள்.

அவளுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்தி வந்த நாளோடு கதை நின்றுவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

2

ஹேர்னிங்கிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் இருக்கிறது எங்கள் சிறு நகரம். நான் முதியோர் இல்லத்தில் வேலை. என் கணவர் யோகன் யன்னல் செய்யும் தொழிற்சாலையில். நாங்கள் வந்த காலத்தில் இந்த ஊரில் பொழுதுபோக்கென்று இருந்தது தேவாலயமும் ஹாண்ட்போலும்தான். நாங்கள் சைவ சமயம். ஆகவே எனக்கு மிஞ்சியது ஹாண்ட்போல்.

இது உள்மண்டபத்தில் விளையாடுவது. பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். கோலுக்குள் நிற்கிறவளை நோக்கி வரும் பந்து கார் வேகத்தில் வரும். அவளுக்குக் கையுறை கிடையாது. ஒரு ஆட்டத்தில் இருபத்தைந்து, முப்பது கோல் விழும். நல்ல கோல்காப்பாளர் என்றால் மூன்றில் ஒன்றைத் தடுப்பாள். மற்ற இரண்டும் அவளைத் தாண்டிப் போகும். அப்படித்தான் அந்த விளையாட்டு.

முதியோர் இல்லத்தில் எல்லோரும் பார்ப்பார்கள். பின்னேரக் கோப்பியைக் கொடுத்துவிட்டு நானும் நின்று பார்ப்பேன். என்னுடைய டேனிஷ் அரைவாசி வகுப்பில் படித்தது, மற்ற அரைவாசி நேர்முக வர்ணனையில் கேட்டது. பந்தைத் தடுத்தாள் என்பதற்கு இவர்கள் "ரெதர்" என்பார்கள். காப்பாற்றுகிறாள் என்று பொருள். பிற்காலத்தில் அபி கோல்காப்பாளராக ஆனபோது, என் மகள் அந்த மண்டபத்தில் காப்பாற்றுகிறாள் என்று வேலையிடத்தில் பெருமையாகச் சொன்னேன். என் வாயில் அது "ருதர்" என்று வந்திருக்கிறது. துப்புரவாக்குகிறாள் என்று பொருள். கூட வேலை செய்கிறவர்கள் பல மாதமாக என் மகள் அங்கே துப்புரவு வேலை செய்கிறாள் என்றே நினைத்திருந்தார்கள். ஒருத்தரும் ஆச்சரியப்படவுமில்லை, திருப்பிக் கேட்கவுமில்லை.

எனக்கு இந்த விளையாட்டு ஏன் இப்படிப் பிடித்தது என்று யோகன் அடிக்கடி கேட்பார். நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவள். மாகாணப் போட்டிக்குத் தெரிவாகி, பாவாடையெல்லாம் தைத்து முடிந்த பிறகு பாதை பூட்டினார்கள். அடுத்த மாதம் போகலாம் என்றார் ரீச்சர். அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்த சனங்களின் முகாமாகிவிட்டது. வளையம் பூட்டியிருந்த கம்பத்தில் யாரோ உடுப்புக் காயப்போடக் கொடி கட்டினார்கள். அதில் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவர்களுக்கும் உடுப்புக் காய வேண்டுமே. ஆனால் நான் விளையாடாத அந்த ஆட்டத்தை யார் வென்றிருப்பார்கள் என்று இப்போதும் சில வேளை நினைப்பதுண்டு.

அபி பிறக்க முன்னமே நான் இந்தக் கழகத்தின் பருவச் சீட்டு வாங்கத் தொடங்கிவிட்டேன். கோலுக்குப் பின்னால், நான்காவது வரிசை. பக்கத்து இருக்கை பென்ட் என்ற லொறிச் சாரதியுடையது. அபி கைக்குழந்தையாக இருந்தபோது, ஆட்டம் சூடுபிடித்தால் அவளைப் பென்டின் மடியில் வைத்துவிட்டுக் கத்துவேன். அவள் தன் இரண்டாவது வயதில் பேசிய டேனிஷ் சொற்களில் ஒன்று "மோல்", கோல் என்று பொருள். அம்மாவுக்கு இவர்களின் சொல் "மோர்". அபி என்னை அப்படிக் கூப்பிடுவதை முதல் தரம் தொலைபேசியில் கேட்ட சாந்தி, "பிள்ளைக்குத் தாகமாம், குடிக்கக் குடு" என்றாள்.

3

அபி ஹேர்னிங் வைத்தியசாலையில் பிறந்தவள். ஆனாலும் அவளுடைய கடவுச்சீட்டு இலங்கையுடையதுதான். பெற்றோரின் விண்ணப்பத்தோடு சேர்த்துத்தான் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்கும். யோகன் மொழிப் பரீட்சையில் ஒருமுறை தவறினார். மற்றமுறை எழுதி முடிப்பதற்குள் சட்டத்தை மாற்றினார்கள். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் "உங்கள் விண்ணப்பம் வரிசையில் இருக்கிறது" என்று ஒரே குரலில் சொல்வார்கள்.

பதினைந்து வயதில் அவளை நாட்டின் இளையோர் அணிக்கான பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். முகாமில் எல்லாம் நன்றாக நடந்தது. கடைசி நாள் பயிற்சியாளர் கடவுச்சீட்டுகளைக் கேட்டார். அபி தன்னுடையதை நீட்டியிருக்கிறாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்படியா" என்று மட்டும் சொன்னாராம்.

குடியுரிமை கிடைத்தபோது அவளுக்குப் பதினேழு. அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வந்து இரண்டு வருடமாகியிருந்தது. "நல்லது" என்று டேனிஷில் சொல்லிவிட்டு அபி குளிக்கப் போனாள். வீட்டில் அவள் தமிழில் பதில் சொல்வது அந்த நாட்களில்தான் குறைந்தது. நாங்கள் தமிழில் கேட்போம். அவள் டேனிஷில் சொல்வாள். சண்டையில்லை. ஆனால் வீட்டுக்குள் இரண்டு வானொலி ஒரே நேரத்தில் ஓடுவது மாதிரி இருக்கும்.

அவள் எங்கள் ஊர்க் கழகத்தை விடவில்லை. இந்த வருடம் இளவேனிலில் கழகம் முதற்பிரிவுக்கு ஏறியது. பழைய கோல்காப்பாளர் கர்ப்பமானதால் விலகினாள். இருபத்திரண்டு வயதில் அபி முதல் கோல்காப்பாளர் ஆனாள். படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் உங்கள் பத்திரிகைக்கு வந்தது.

4

முதல் ஆட்டம் வெளியூரில். பதின்மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றோம். புதிதாக ஏறிய அணி, அப்படித்தான் இருக்கும் என்று பென்ட் சொன்னான். இரண்டாவதிலும் தோற்றோம். மூன்றாவது எங்கள் மண்டபத்தில். இடைவேளைவரை ஒரு கோல் முன்னால் இருந்தோம். நான் சூடான கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றேன். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாம் உடைந்து போயிற்று. பந்தைக் கொண்டுபோய் எதிரணியின் கையிலேயே கொடுத்தார்கள். தடுக்க ஆளில்லாமல் அபிக்கு முன்னால் தனியாக வந்து வந்து எறிந்தார்கள்.

ஹாண்ட்போல் தெரிந்தவளாகச் சொல்கிறேன். பிழை முழுக்க அவளுடையது இல்லை. பாதுகாப்பு வரிசையில் ஓட்டை. ஆனால் ஓட்டையைப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு கண் வேண்டும். பந்து வலைக்குள் போவது எல்லோருக்கும் தெரியும், அந்த நேரம் வலைக்கு முன்னால் நிற்கிறவளையும் தெரியும்.

நான்காவது ஆட்டத்தில் எனக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு மனிதன் கத்தினான். "அவளை வீட்டுக்கு அனுப்புங்கள்."

ஆட்டக்காரரை மாற்றச் சொல்லும்போது இங்கே அப்படியும் கத்துவார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தியதையும் கேட்டிருக்கிறேன். நானே ஒருமுறை கத்தியிருக்கிறேன். ஆனாலும், எந்த வீட்டுக்கு என்று திரும்பிக் கேட்க வேண்டும் போல இருந்தது. வைத்தியசாலை அரை மணி நேரம். எங்கள் வீடு ஐந்து நிமிடம். வேறு எந்த வீடு?

பென்ட் தன் கோப்பிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னான். "மாற்று ஆட்டக்காரரோடு வாங்கில் உட்காரவை என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறான்."

"தெரியும்" என்றேன்.

"நீ அவளுடைய அம்மா என்று அவனுக்குத் தெரியாது."

"அதுவும் தெரியும்."

ஐந்தாவதும் போயிற்று. புள்ளிப் பட்டியலில் எங்கள் அணியைத் தேடுகிறவர்கள் கீழே இருந்து பார்க்கத் தொடங்கினால் போதும். வேலையிடத்தில் திங்கட்கிழமைகளில் ஆட்டத்தைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். வெதுப்பகத்தில் பாண் தருகிற பெண் முந்தியெல்லாம் "அடுத்த முறை" என்று சொல்லிச் சிரிப்பாள். இப்போது பாணைத் தருகிறாள், சிரிப்பதில்லை.

தோற்கும் அணியை விரும்புகிறவர்களின் வேதனை சின்ன விஷயம்தான், தெரியும். ஒருவரும் சாகவில்லை, ஒரு வீடும் இடியவில்லை. அதற்காக வேதனைப்படாமல் இருக்க முடிகிறதா என்றால், எனக்கு முடியவில்லை. வயோதிபர்களைக் குளிப்பாட்டும்போதும், காரில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதும், அவளுடைய இடது காலுக்கும் கம்பத்துக்கும் இடையில் பந்து போன அந்தச் சின்ன வெளிதான் கண்ணுக்குள் நிற்கும்.

5

அபி ஒன்றரை வருடமாகத் தனி அறையில் இருக்கிறாள், ஊருக்குள்ளேதான். ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவாள். ஐந்தாவது தோல்விக்கு அடுத்த ஞாயிறும் வந்தாள். முழங்கையிலும் தொடையிலும் பந்து பட்ட இடமெல்லாம் நீலம். நான் நண்டுக் கறி வைத்திருந்தேன். யோகன் கழகத்தின் இணையப் பக்கத்தில் சனங்கள் எழுதியதையெல்லாம் வாசித்திருக்கிறார். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவரால் சும்மா சாப்பிட முடியவில்லை.

"காணும் அபி. படிப்பை முடி. இவங்களுக்கு உன்ர அருமை விளங்காது" என்றார்.

"லா நூ வேர, ஃபார்" என்றாள். விடுங்கள் அப்பா என்று அர்த்தம்.

"என்னத்தை விடுறது? வாசிச்சனியோ நீ, என்னவெல்லாம் எழுதியிருக்கிறாங்கள் எண்டு?"

"வாசித்தேன். பாதி சரிதான்" என்றாள் டேனிஷில். "நான் மோசமாக விளையாடுகிறேன்."

யோகன் எழுந்து போய்க் கை கழுவினார். அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. நான் நண்டை உடைத்து அவள் தட்டில் வைத்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மோர், ஏழு மீற்றர் எறியும்போது நீங்கள் கண்ணை மூடுகிறீர்கள்."

ஏழு மீற்றர் என்பது தண்டனை எறிதல். எறிகிறவளும் கோல்காப்பாளரும் மட்டும் நேருக்கு நேர்.

"நீ எப்பிடிக் கண்டனி? நான் உனக்குப் பின்னால எல்லோ இருக்கிறன்?"

"இரண்டாம் பாதியில் நான் அந்தப் பக்கம் நிற்கிறேன். நேரே தெரிகிறது."

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். தமிழில் வந்ததெல்லாம் அவளுக்குப் பெரிய சொற்கள், டேனிஷில் வந்ததெல்லாம் எனக்குச் சின்னச் சொற்கள். கடைசியில், "இன்னும் ஒரு கால் வைக்கட்டோ?" என்று நண்டைக் காட்டிக் கேட்டேன்.

6

அடுத்த வாரம் கழகம் நோர்வேயிலிருந்து ஒரு கோல்காப்பாளரைக் கொண்டுவந்தது. இங்ரிட் என்று பெயர். முப்பது வயது தாண்டியவள், பெரிய கழகங்களில் நின்றவள். வந்த முதல் சனிக்கிழமையே எங்கள் மண்டபத்தில் ஆட்டம். அபி வாங்கில் இருந்தாள். மஞ்சள் சட்டைக்கு மேல் பயிற்சி மேலங்கி போட்டு, ஸிப்பைக் கழுத்துவரை இழுத்திருந்தாள்.

இங்ரிட் நன்றாக நின்றாள். எவ்வளவு நன்றாக என்று என்னைப் போலப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பந்து கையை விட்டு வரும் முன்னமே அது போகிற மூலையில் அவள் கால் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தடுக்கத் தடுக்க, முன்னால் நின்ற பிள்ளைகளின் தோள்களும் நிமிர்ந்தன. இத்தனை வாரமாகப் பந்தைக் கைநழுவ விட்ட அதே பிள்ளைகள். சனம் காகித விசிறிகளைத் தட்டி மண்டபத்தை அதிரவைத்தது. அவளை வீட்டுக்கு அனுப்பு என்ற மனிதன் எனக்குப் பின்னால் தொண்டை கட்டுமளவுக்குப் பாடினான்.

கடைசி நிமிடத்தில் ஒரு கோலால் முன்னால் நின்றோம். ஊதல் ஒலித்தது. இந்தப் பருவத்தின் முதல் வெற்றி.

எல்லோரும் எழுந்தார்கள். பென்ட் எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் எழும்பவில்லை. எழும்பக்கூடாது என்று நினைத்து இருக்கவில்லை. உடம்பு அசையவில்லை, அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேலாக இந்த அணி வென்றபோதெல்லாம் கத்திய தொண்டை இது. முன்னால் நின்றவர்களின் முதுகுகளுக்கு இடையால், வாங்கிலிருந்து எல்லோருக்கும் முன்னே பாய்ந்து ஓடியது யார் என்று பார்த்தேன். அபி. ஓடிப்போய் இங்ரிட்டைக் கட்டிப்பிடித்து, நிலத்திலிருந்து தூக்கிவிட்டாள்.

ஆட்டம் முடிந்து அவளை அறைக்குக் கொண்டுபோய் விடுவது என் வழக்கம். காரில் ஏறிப் பட்டியைப் போட்டாள். நான் சாவியைத் திருப்ப முன்னம் தமிழில் கேட்டாள். நெடுநாளைக்குப் பிறகு தமிழில்.

"அம்மா, நீங்கள் ஏன் எழும்பேல்லை?"

"கால் நோகுது பிள்ளை."

"பொய்."

வாகனத் தரிப்பிடத்தில் எங்களைத் தாண்டிப் போன கார்கள் மகிழ்ச்சியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின.

"நீ விளையாடேல்லையே அபி. நான் எப்பிடிக் கைதட்டுறது?"

"அது என்ர டீம்."

"எனக்கு நீதான் முக்கியம்."

அவள் முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்தாள். தமிழில் ஒரு சொல்லைத் தேடுகிறாள் என்று விளங்கிற்று. கிடைக்காததால் கிடைத்த சொற்களை ஒவ்வொன்றாக வைத்தாள்.

"எல்லாரும் என்னைத்தான் பாக்கினம். அப்பா என்னைப் பாக்கிறார். ஊரில சித்தி என்னைப் பாக்கிறா. பின்னால இருக்கிற ஆள் என்னைப் பாக்கிறான். அம்மா மட்டும் டீமைப் பாக்கிறா எண்டு நினைச்சன். நான் பிறக்க முதலே நீங்கள் அங்க இருந்தனீங்கள் எல்லோ. நான் விட்டாலும், நான் இல்லாட்டியும், அம்மா இருப்பா, கத்துவா எண்டு நினைச்சன். அது எனக்கு..."

சொல்லை முடிக்கவில்லை. அந்த இடத்துக்கு உரிய சொல் டேனிஷில் இருந்திருக்கும். அதையும் அவள் சொல்லவில்லை.

நான் காரை எடுத்தேன். அவள் வாசலில் இறங்கும்போது எப்போதும் போல் "நன்றி, போய் வாங்கோ" என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

7

அந்த ஒரு வெற்றியோடு சரி. அடுத்த ஆட்டத்தில் தோற்றோம், அதற்கடுத்ததிலும் தோற்றோம். இங்ரிட் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் மூன்றில் ஒன்றைத்தான் அவளாலும் தடுக்க முடிகிறது. இலையுதிர் விடுமுறையில் அபி கழகத்தோடு கதைத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டாள். எங்களுக்கு முடிந்த பிறகுதான் தெரியும். ஒடென்சே நகரில் படிப்பைத் தொடர இடம் கிடைத்திருக்கிறது என்றாள். அங்கே கழகம் எதிலும் சேரவில்லை. பொருட்களை ஏற்ற யோகன் வான் வாடகைக்கு எடுத்தார். விளையாட்டுப் பை ஏற்றப்படவில்லை. அது இப்போது எங்கள் கீழ் அறையில் இருக்கிறது. நான் திறக்கவில்லை.

யோகனுக்கு நிம்மதி. "நல்லதுதான், படிக்கட்டும்" என்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையில் மூன்றாவது தட்டை எடுத்து வைத்துவிட்டு, பேசாமல் அலுமாரியில் திரும்ப வைக்கிறவரும் அவர்தான்.

நான் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில் இப்போதும் விடுப்புத்தான். ஏன் போகிறேன் என்று தெரியாது. மண்டபத்துக்குள் என்னுடையவர் ஒருவருமில்லை. அணி கீழ்ப் பிரிவுக்கு விழப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இருக்கைகளில் அரைவாசி வெறுமை. பின்வரிசை மனிதன் வருவதை நிறுத்திவிட்டான். பென்ட் வருகிறான். நாங்கள் இருவரும் அதிகம் கதைப்பதில்லை.

போன சனிக்கிழமை இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் என் தொலைபேசி அதிர்ந்தது. அபி. ஆட்ட நேரத்தில் அவள் ஒருபோதும் எடுத்ததில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து எடுத்தேன்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"மண்டபத்தில."

"எத்தனை?"

"ஒன்பது கோல் பின்னால."

அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். குளிருதோ என்று கேட்டேன்.

"அம்மா, கதைக்காதேங்கோ. ஃபோனை அந்தப் பக்கம் பிடியுங்கோ" என்றாள்.

கையை நீட்டித் தொலைபேசியை மைதானத்தின் பக்கம் பிடித்தேன். பென்ட் திரும்பி என்னைப் பார்த்தான். "அபி" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான். சப்பாத்துகள் தரையில் கீச்சிட்டன. பந்து கம்பத்தில் பட்டு அதிர்ந்தது. பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் மட்டும் காகித விசிறியைத் தட்டிக்கொண்டிருந்தார். என் கை வலித்தது. மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தேன். அந்தப் பாதி முழுக்க அப்படியே இருந்தேன்.

ஊதல் ஒலித்த பிறகுதான் தொலைபேசியைக் காதில் வைத்தேன். அவள் இன்னும் இருந்தாள்.

"கேட்டதோ?" என்றேன்.

"ஓம்."

"பதினொரு கோல்."

மண்டபத்தின் விளக்குகளை ஒருபக்கமாக அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

"நாங்கள் கடைசியாத்தான் வருவம், என்னம்மா?"

"ஓம் பிள்ளை" என்றேன். "கடைசிதான்."